பூங்கா நகரில் பூங்கா எங்கே?

பார்க் ஸ்டேஷன், பார்க் டவுன், பூங்கா நகர் என்று தினமும் சொல்கிறோம். எந்தப் பூங்கா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். சென்னை சென்ட்ரல் வாசலில் நின்றுகொண்டு நானே இரண்டு பேரிடம் கேட்டேன், இருவருக்கும் தெரியவில்லை.

அது மக்கள் பூங்கா, அந்தக் காலத்து பீப்பிள்ஸ் பார்க். 1859-60இல் சென்னை ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன் முனைந்து உருவாக்கியது. ஜார்ஜ் டவுனின் நெருக்கடியில் வாழ்ந்தவர்கள் காலாற நடந்து மூச்சுவிட 116 ஏக்கர், அதில் 11 குளங்கள். இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் இதைக் கற்பனை செய்யவே சிரமப்படுவார்கள்.

பூங்காவின் உயிர் அங்கிருந்த விலங்குக் காட்சிச்சாலைதான். 1855இல் எட்வர்டு பால்ஃபர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய அது, சில ஆண்டுகளில் இங்கே வந்து நூறாண்டுக்கும் மேல் இருந்தது. என் பாட்டிக்கு அது கடைசிவரை 'உயிர் காலேஜ்'தான். பதப்படுத்திய உடல்கள் இருக்கும் எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. 1985இல் வண்டலூர் உயிரியல் பூங்கா திறந்த பிறகு ஒருமுறை பாட்டியை அங்கே அழைத்துப்போனோம். "பொழுதுபோகலன்னா எட்டிப் பார்த்துட்டு வருவோமே, அதை இவ்ளோ தூரம் கொண்டாந்துட்டாங்களே" என்றார். விலங்குகளுக்கு வண்டலூர்தான் நல்லது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் நடந்தே போய் வந்தவர்களின் இழப்பு பாட்டியின் அந்தக் குரலில் இருந்தது.

பூங்கா ஒரே நாளில் போகவில்லை. விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. 1900இல் மூர் மார்க்கெட். 1913இல் ரிப்பன் மாளிகை திறந்தார்கள். அப்புறம் நேரு ஸ்டேடியம். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது, அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் பக்கத்தில் ஒதுங்கின. இவற்றில் எதையும் வேண்டாத கட்டடம் என்று என்னால் சொல்ல முடியாது. ரிப்பன் மாளிகையைப் பார்த்து இன்றும் பிரமிக்கிறேன். ஒவ்வொரு முறையும் நல்ல காரணம் இருந்தது, அதனால்தான் யாரும் தடுக்கவில்லை. 'கொஞ்ச இடம்தானே' என்று எடுத்து எடுத்தே 116 ஏக்கர் கரைந்தது. இப்போது பூங்கா என்று சொல்ல, ஸ்டேடியம் பக்கத்தில் மை லேடீஸ் பார்க் மாதிரி சில துண்டுகள்தான் மிச்சம்.

பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அது போதாது என்பது என் கருத்து. பொதுத் தேவைக்காகப் பூங்காவில் ஒரு சென்ட் எடுத்தாலும், அதே பகுதியில், நடந்து போகிற தூரத்தில், அதே அளவு நிலத்தைப் பூங்காவாகத் திருப்பித் தர வேண்டும். ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் தருகிறோம் என்றால் ஏற்கக் கூடாது. பத்துக்குப் பத்து அறையில் குடும்பத்தோடு இருப்பவர் மாலையில் பஸ் ஏறி அங்கே போகப்போவதில்லை.

மிச்சமிருக்கும் துண்டுகளிலாவது ஒரு பலகை வையுங்கள். 11 குளங்களோடு பழைய வரைபடம், கீழே 'உயிர் காலேஜ்' இருந்த இடத்தில் ஒரு புள்ளி. பார்க் ஸ்டேஷனில் இறங்கும் குழந்தை "பார்க் எங்கே?" என்று கேட்டால் கைகாட்ட அதாவது இருக்கட்டும்.