சுவர் எல்லோருக்கும், சாரம் சிலருக்கு

ஜூலை 6 வந்தால் போதும், என் முகநூல் முழுக்க ஃப்ரீடா காலோதான். கூந்தலில் பூ, ஒட்டிய புருவம், துணிப்பை, காபிக் கோப்பை, தலையணை உறை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, ஃப்ரீடா நல்ல ஓவியர். ஆனால் அந்தப் பதிவுகளில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: கணவர் தியேகோ ரிவேரா, மக்களுக்காகச் சுவரில் வரைந்த புரட்சிக் கலைஞர். இந்த வரியோடுதான் எனக்கு வழக்கு.

அவர் மக்களுக்காக வரைந்தார் என்பதை நான் மறுக்கவில்லை. 1910-இல் தொடங்கிய புரட்சியில் பத்து வருடம் ரத்தம் சிந்திய நாடு மெக்சிகோ. பெரும்பாலான மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1921-இல் கல்வி அமைச்சரான ஹோசே வாஸ்கோன்செலோஸ், அரசுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார். அடுத்த வருடமே மெக்சிகோ நகரத்தின் சான் இல்தெஃபோன்சோ கல்லூரிக் கட்டடத்தில் சாரம் கட்டி ஏறிவிட்டார்கள். ரிவேரா, ஒரோஸ்கோ, சிகெய்ரோஸ் என்ற மூன்று பெரிய பெயர்களும் அங்கே உண்டு. ஓவியர்களுக்கென்று தொழிற்சங்கம் வைத்து அறிக்கையும் விட்டார்கள். பணக்காரர் வீட்டு வரவேற்பறையில் மாட்டும் சட்டம் போட்ட படம் வேண்டாம், கலை பொதுச் சொத்து என்பது அதன் சாராம்சம். செவ்விந்தியப் பூர்வகுடி முகங்களை, அதுவரை ஓவியத்தில் வேலைக்காரராகவும் வேடிக்கைப் பொருளாகவும் வந்த முகங்களை, அரசு மாளிகைச் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் நிறுத்தினார்கள். அதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது.

மூவரில் என் ஓட்டு ஒரோஸ்கோவுக்கு. ரிவேராவின் தேசிய மாளிகைப் படிக்கட்டில் கார்ல் மார்க்ஸ் வருங்காலத்துக்கு வழி காட்டிக்கொண்டு நிற்பார். ஒரோஸ்கோவின் 'பதுங்குகுழி'யில் யாரும் எங்கும் வழி காட்டவில்லை. மூன்று ஆண்கள், பின்னால் சிவப்பு. ஒருவன் கைகளை விரித்தபடி பாறையில் சாய்ந்து கிடக்கிறான், இன்னொருவன் முழங்காலிட்டு முகத்தைக் கையால் மூடியிருக்கிறான். எந்தக் கட்சி, எந்தப் படை என்று தெரியாது. புரட்சி முடிந்து ஆறே வருடத்தில், புரட்சி அரசின் காசிலேயே இப்படி வரைய ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

சரி, வழக்குக்கு வருகிறேன்.

1945. மரியா இஸ்கியெர்தோ என்ற ஓவியருக்கு மெக்சிகோ நகர அரசுக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரில் வரைய ஒப்பந்தம் கிடைக்கிறது. 150 சதுர மீட்டருக்கு மேல். நகரத்தின் வரலாறும் கலைகளும்தான் பொருள். அவர் ஒன்றும் புதுமுகம் இல்லை. 1930-இலேயே நியூயார்க்கில் தனிக் கண்காட்சி வைத்தவர், மெக்சிகோ பெண் ஓவியர்களில் அமெரிக்காவில் அப்படி வைத்த முதல் ஆள். 1929-இல், அவர் மாணவியாக இருந்தபோது, கல்லூரி இயக்குநராக வந்து மாணவர் கண்காட்சியில் அவர் படங்களைத் தனியே எடுத்துப் புகழ்ந்தவர் யார் தெரியுமா? இதே ரிவேராதான்.

மரியா மாதிரி வரைவுகளைப் போட்டுத் தயாராகிவிட்டார். அதற்குள் நகர நிர்வாகம் ரிவேராவிடமும் சிகெய்ரோஸிடமும் கருத்துக் கேட்டது. இருவரும் சொன்னது: இந்த அம்மாவுக்கு ஃப்ரெஸ்கோ, அதாவது ஈரச் சாந்தில் வரையும் முறையில், அனுபவம் போதாது. ஒப்பந்தம் போயிற்று. வேறு ஏதாவது சின்னக் கட்டடத்தில் வரையலாமே என்று ஆறுதல் பரிசு போல ஒன்றை நீட்டினார்கள், அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

ஃப்ரெஸ்கோ கஷ்டமான வேலைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் கொத்தனார் சுண்ணாம்புச் சாந்து பூசுவார். அது காய்வதற்குள் நீரில் கரைத்த நிறத்தைத் தீட்டி முடிக்க வேண்டும். காயும்போது சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும், நிறமும் அதற்குள் போய்விடும். தப்பானால் அழிப்பதற்கில்லை, கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். பெரிய படிக்கட்டை அனுபவமில்லாதவரிடம் கொடுக்கத் தயங்கினால் நியாயம்தானே என்று கேட்கலாம்.

கேட்கலாம், 1922-ஐ மறந்துவிட்டால். சான் இல்தெஃபோன்சோவில் ஏறியபோது இவர்களுக்கு மட்டும் என்ன அனுபவம் இருந்தது? ரிவேராவின் முதல் சுவரோவியம் ஃப்ரெஸ்கோவே இல்லை, உருக்கிய மெழுகில் நிறம் கலந்து வரைந்தது. அப்புறம் கல்வி அமைச்சகக் கட்டடத்தில் சப்பாத்திக்கள்ளிச் சாற்றைக் கலந்து ஃப்ரெஸ்கோ செய்து பார்த்தார். பழைய பூர்வகுடி ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பேச்சு பெரிதாக அடிபட்டது. கொஞ்ச நாளில் சாறு கெட்டுச் சுவரில் கறை. ஒரோஸ்கோ தன் முதல் படங்களில் பெரும்பகுதியைத் தானே அழித்துவிட்டு 1926-இல் புதிதாக வரைந்தார். சிகெய்ரோஸ் அங்கே தன் வேலையை முடிக்கவே இல்லை. அரசுச் சுவரில், அரசுச் செலவில், தப்புப் பண்ணிப் பண்ணித்தான் மூன்று பேரும் தொழில் கற்றார்கள். அந்தச் சலுகை மரியாவுக்கு மட்டும் ஏன் இல்லை?

அதே 1945-இல் சிகெய்ரோஸ் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பு 'எங்கள் பாதையைத் தவிர வேறு பாதையில்லை'. இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

இந்த இருவரும் தணிக்கையில் அடிபட்டவர்கள் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாதது. 1932-இல் லாஸ் ஏஞ்சலிஸில் சிகெய்ரோஸிடம் வெப்பமண்டல அமெரிக்காவை வரையச் சொன்னார்கள். கிளியும் பழமும் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, சிலுவையில் அறைந்த பூர்வகுடி மனிதனையும் அவன் தலைக்கு மேல் கழுகையும் வரைந்து கொடுத்தார். வெள்ளையடித்து மூடிவிட்டார்கள். 2012-இல்தான் அது மறுபடி மக்கள் பார்வைக்கு வந்தது. 1933-இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் மையத்துச் சுவரில் ரிவேரா வரைந்த லெனினை எடு என்றார்கள், அவர் முடியாது என்றார், 1934 பிப்ரவரியில் சுவரோவியத்தை உடைத்துப் போட்டார்கள். சுவர் பறிபோனால் எப்படி வலிக்கும் என்று இவர்களுக்கு யாரும் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்லை.

பெண் என்பதால் மட்டும்தானா என்றால், அப்படி ஒரே வரியில் முடித்துவிடவும் மனம் வரவில்லை. 1934 முதல் 1936 வரை மெக்சிகோ நகரத்து அபெலார்தோ ரோத்ரிகெஸ் சந்தையில் இளம் ஓவியர்கள் பலர் சேர்ந்து வரைந்தார்கள். அதில் மரியன், கிரேஸ் கிரீன்வுட் என்ற அமெரிக்கச் சகோதரிகள் இருவருக்கும் சுவர் கிடைத்தது, ரிவேராவின் மேற்பார்வையில். காய்கறிச் சந்தையில், ஆசானின் கண்ணெதிரே பெண்கள் வரையலாம். நகர அரசின் மையக் கட்டடத்தில், யார் மேற்பார்வையும் இல்லாமல் ஒரு பெண் தன் பெயரில் ஏறினால்தான் அனுபவம் பற்றிய கேள்வி வருகிறது.

சுவர் கிடைத்த ஒரு மெக்சிகோப் பெண்ணும் உண்டு, ஔரோரா ரேயெஸ். அந்நாட்டின் முதல் பெண் சுவரோவியர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1936-இல், இடிக்கப்பட்ட பெலேன் சிறை இருந்த இடத்தில் எழுந்த பள்ளியில் வரைந்தார். அரசு கிராமங்களில் சோசலிசக் கல்வியைக் கொண்டுபோன காலம் அது. அதை எதிர்த்தவர்கள் ஆசிரியர்களைத் தாக்கினார்கள், காதை அறுத்தார்கள், கொன்றார்கள். ஔரோராவும் ஓவிய ஆசிரியைதான். அவர் படத்தில் ஒருவன் ஆசிரியையின் கூந்தலைப் பிடித்து இழுக்கிறான், இன்னொருவன் துப்பாக்கியின் பின்கட்டையால் அவர் வாயில் இடிக்கிறான். பாடம் சொல்லும் வாயில்! குழந்தைகள் மறைவில் நின்று பார்க்கிறார்கள். ரிவேராவின் நூற்றுக்கு மேற்பட்ட கல்வி அமைச்சகச் சுவரோவியங்களில் ஒன்றில் கிராமத்து ஆசிரியை அமைதியாக உட்கார்ந்து பாடம் நடத்துவார். அந்த ஆசிரியைக்கு வெளியே என்ன நடந்தது என்பதை ஔரோரா சொன்னார். எதிரே வைத்துப் பார்த்தால், எனக்கு ஔரோராவின் சுவர்தான் கனமாகத் தெரிகிறது.

மரியா சும்மா இருக்கவில்லை. மூன்று பெரியவர்கள் சுவர்களைக் குத்தகை எடுத்துவிட்டார்கள் என்று வெளிப்படையாகப் பேசினார். 1946-இல் 'சோகம்', 'இசை' என்று இரண்டு பலகைகளை ஃப்ரெஸ்கோவிலேயே வரைந்து காட்டினார், தெரியாது என்றீர்களே பாருங்கள் என்று. 1948-இல் பக்கவாதம் வந்து உடம்பின் வலப்பக்கம் முடங்கியது. அப்போதும் வரைவதை விடவில்லை. 1955-இல் இறந்தார்.

மெக்சிகோ அரசு தன் பெரிய ஓவியர்களின் படைப்புகளை நாட்டின் கலைச் சின்னங்களாக அறிவிப்பது வழக்கம். ரிவேராவுக்கும் ஒரோஸ்கோவுக்கும் 1959-இல் அறிவித்தார்கள், ஃப்ரீடாவுக்கு 1984-இல். மரியாவுக்கு 2002-இல். இந்தத் தாமதத்துக்கும் ஃப்ரெஸ்கோ அனுபவம்தான் குறைவா?