ஒரே ஜெர்சி, இரண்டு சட்டம்

அமெரிக்கக் கல்லூரியில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது என்று யாராவது பதிவு போட்டால் மனதார வாழ்த்துகிறேன். டென்னிஸ் வீரர் சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 என்று அடுத்தடுத்து, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் ஒற்றையர் பட்டம் வென்றார். கன்சாஸ் ஸ்டேட்டில் படித்த தேஜஸ்வின் சங்கர் 2018-லும் 2022-லும் உயரம் தாண்டுதலில் என்சிஏஏ பட்டம் வென்றார். படிப்பை விடாமல் விளையாட்டையும் தொடர இதைவிட நல்ல வழி உலகத்தில் அதிகம் கிடையாது.

ஆனால் அப்படிப் போகும் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு அநியாயம் நடக்கிறது. வாழ்த்தோடு அதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

2021 ஜூலையிலிருந்து அங்கே கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில், கல்லூரி வீரர்கள் தொடர்ந்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகு, கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரியின் உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

வெளிநாட்டு மாணவர் இருப்பதோ எஃப்-1 என்ற மாணவர் விசாவில். வகுப்பு நடக்கும் காலத்தில் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அனுமதியில்லாமல் வெளியே வேலை செய்தால் விசாவுக்கே ஆபத்து. விளம்பரப் படப்பிடிப்புக்குப் போய் நின்றாலும் அது வேலைதான். காங்கோவிலிருந்து வந்து கென்டக்கியில் ஆடிய ஆஸ்கர் சீப்வே 2022-ல் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர். அந்த ஆகஸ்டில் அணி பஹாமாஸ் போனபோதுதான் அவரால் நிம்மதியாக விளம்பர வேலைகளைச் செய்ய முடிந்தது. காரணம், அது அமெரிக்க மண் இல்லை. அவர் ஆட்டத்தைப் பார்க்க அரங்கம் நிறையலாம், ஆனால் அந்த ஊரில் அவர் ஒரு விளம்பரத்தில் நிற்கக்கூடாது!

சீப்வே நட்சத்திரம், அவருக்கு ஏதோ ஒரு வழி பிறந்தது. என் கவலையெல்லாம் டென்னிஸ், நீச்சல், தடகளத்துக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றித்தான். ஏனென்றால் அங்கே முழு ஸ்காலர்ஷிப் அரிது. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-ன் ஆண்கள் டென்னிஸில் பல ஆண்டுகளாக ஒரு அணிக்கே மொத்தம் 4.5 ஸ்காலர்ஷிப்தான், அதை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். இப்போது அந்த வரம்பு பல கல்லூரிகளில் போய்விட்டது, ஆனாலும் கால்வாசி, அரைவாசி என்று பிரிக்கும் வழக்கம் போகவில்லை. கீழ்மட்டமான டிவிஷன் 3-லும், ஹார்வர்ட், யேல் போன்ற பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஐவி லீக்கிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. மீதிப் பணத்துக்கு அமெரிக்க மாணவர் கோடையில் எங்காவது கோச்சிங் கொடுப்பார், கடையில் நிற்பார். நம் பிள்ளைக்கு அந்தக் கதவும் மூடியிருக்கிறது.

இதில் என்னால் ஜீரணிக்கவே முடியாதது வரி. ஸ்காலர்ஷிப்பில் கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்கான பங்கு வருமானமாகக் கணக்காகும், எஃப்-1 மாணவருக்கு பொதுவாக அதில் 14 சதவீதம் பிடித்தம். அதாவது வரித்துறை அதை வருமானம் என்கிறது. விசா சட்டம், நீ வேலை செய்ய வரவில்லை என்கிறது. சீசனில் வாரம் 20 மணி நேரம் வரை பயிற்சியும் போட்டியும் விதிப்படியே உண்டு, அதில் பயண நேரம் கணக்கில் வராது. இது வேலை இல்லையென்றால் வேறு என்ன?

"படிக்க வந்தவர்களுக்குச் சம்பாத்தியம் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சரி, அப்படியென்றால் பக்கத்தில் ஓடும் அமெரிக்க மாணவரும் படிக்கத்தானே வந்தார்? அவருக்கு ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டம் என்பதை நியாயப்படுத்த முடியாது. கல்லூரி அணிக்காக ஆடுவதால் வரும் வருமானத்தை எஃப்-1 விசாவுக்குள் அனுமதிக்கும்படி அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை, வெளிநாட்டில் ஆள் தேடும் ஒவ்வொரு கோச்சும் இதையெல்லாம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடக் கடமைப்பட்டவர்.

சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். மொத்தச் செலவில் எத்தனை சதவீதம், ஒரு வருடத்துக்கா நான்கு வருடத்துக்கா, காயம்பட்டால் என்ன ஆகும், கோடை மாதங்களின் சாப்பாட்டையும் வாடகையையும் யார் கட்டுவது, வரிப் பிடித்தம் எவ்வளவு. போனில் வேண்டாம், மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். அது வந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.