ஜமேலாவின் துணியும் ஆயாவின் புடவையும்

போன சனிக்கிழமை எங்க ஊர், தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்புக்கு ‘ஜமேலாஸ் டிரெஸ்’ எடுத்துப்போனேன். இங்கிலீஷ் படப் புத்தகம்தான், நான் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். உடுப்பு தைக்க அம்மா வாங்கி வைத்த துணியை ஜமேலா உடம்பில் சுற்றிக்கொண்டு தெருவில் ராணி மாதிரி நடக்கிறாள். நான் வாயைத் திறக்கும் முன்பே ஆறு வயதுக்காரி ஒருத்தி படத்தில் விரலை வைத்து, "டீச்சர், அவ அம்மா அடிக்கப்போறாங்க" என்றாள். பக்கத்திலிருந்தவன், "எங்க ஆயா புடவை மாதிரியே சுத்தியிருக்கா" என்றான். ஒரு வரிகூட இன்னும் வாசிக்கவில்லை!

எழுதி, படமும் போட்டவர் நிக்கி டேலி. 1946இல் கேப் டவுனில் பிறந்தவர். லண்டனுக்குப் போனது பாட்டுக்காரராக. படப் புத்தகம் அப்புறம்தான். 1980இல் ஊர் திரும்பினார். கடற்கரையைக்கூட நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த அந்த நாளில், ஒரு கறுப்புப் பையன் தன் கோகோவோடு (பாட்டியோடு) டவுனுக்குப் போய் சிவப்பு டேக்கீஸ் (கேன்வாஸ் ஷூ) வாங்கி வரும் கதையைப் படமாக்கினார். போராட்டம், கோஷம் எதுவும் கிடையாது. பாட்டி, பேரன், ஒரு ஜோடி டேக்கீஸ், அவ்வளவுதான்.

நம்ம பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருக்கிறதா? 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து இங்கே வந்து இறங்கினோம். என் வகுப்பில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்களில் இன்னமும் பனைமரமும் மாட்டுவண்டியும்தான். தப்பில்லை, ஆனால் இவர்கள் பார்த்து வளர்வது பெரிய வெள்ளியன்று நடக்கும் தீமிதியை.

படம் போட ஆள் இல்லாமல் இல்லை. என் தங்கை மகள் ஒரு பதிப்பகத்துக்கு 32 பக்கம் போட்டுக் கொடுத்தாள். (பெரிய தாளை மடித்து வெட்டும் கணக்கில் படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான்.) ஐந்து மாதம் ராத்தூக்கம் போச்சு. எழுதியவர் பெயர் அட்டையில். இவள் பெயர் உள்ளே, ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கீழே எறும்பு எழுத்தில். காசு ஒரே தடவை. தாளும் கலரும் வாங்கியது போக மிஞ்சியதைக் கேட்காதீர்கள். இப்போது கல்யாணக் கார்டு போடுகிறாள்.

கேப் டவுனில் 2014இல் தொடங்கிய ‘புக் டேஷ்’காரர்கள் கூலி வாங்காமல் 12 மணி நேரத்தில் ஒரு புத்தகத்தை முடித்து, யாரும் மொழிபெயர்க்கலாம் என்று இலவசமாக விடுகிறார்கள். நானே இரண்டைத் தமிழாக்கி வைத்திருக்கிறேன். கும்பிடலாம் அவர்களை. அதற்காக எல்லாப் படக்காரரும் சும்மா போட்டுத் தர வேண்டுமா? வாடகை மாதாமாதம் வருகிறதே.

நம்ம சங்கத்துக்காரர்களே, ஆண்டு மலருக்கு வழவழப்புத் தாளில் விளம்பரம் அச்சடிக்கும் காசில் இந்த வருஷம் ஒரு படப் புத்தகம் போடுங்கள். கூலியை ஒழுங்காகக் கொடுங்கள், பெயரை அட்டையில் போடுங்கள். இதைத் தங்கை மகளிடம் சொன்னேன். சிரித்துவிட்டு போனைக் காட்டினாள். பென்சில் படம்: எங்க சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஒரு ஆயா வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிறாள், கடைக்காரன் முறைக்கிறான். "முதல் பக்கம் எப்பவோ ரெடி, பெரியம்மா."