ஸ்கோர்போர்டை மட்டும் பார்த்து ஜிம் நோல்ஸை எடைபோட முடியாது

அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலில் (கையால் எறிந்தும் தூக்கி ஓடியும் ஆடுவது) ஒரு பெரிய அணி தோற்றால் மறுநாள் காலையில் முதலில் உருள்வது டிஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டரின் தலைதான். எத்தனை பாயின்ட் விட்டார்கள்? 32. சரி, ஆளை மாற்று. 2024 அக்டோபர் 12 அன்று ஓரிகனிடம் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி 32-31 என்று தோற்றபோது அதன் டிஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டர் ஜிம் நோல்ஸைப் பற்றிப் பேசியது இப்படித்தான். மூன்று மாதம் கழித்து அதே ஓஹாயோ ஸ்டேட் தேசிய சாம்பியன் ஆனது, அதே நோல்ஸை மேதை என்றார்கள். அடுத்த சீசனில் அவர் பென் ஸ்டேட்டுக்குப் போனார், அங்கே அணி சரிந்தது, மறுபடியும் ஒன்றும் தெரியாதவர் ஆகிவிட்டார். ஒன்றரை வருடத்துக்குள் ஒரே மனிதருக்கு மூன்று தீர்ப்பு. மூன்றுமே ஸ்கோர்போர்டைப் பார்த்து எழுதியவை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே அணிக்குள் பாயின்ட் எடுக்கப் பார்க்கும் அஃபென்ஸ் தனி, அதைத் தடுக்கும் டிஃபென்ஸ் தனி. தலைமைக் கோச்சுக்குக் கீழே டிஃபென்ஸ் முழுவதும் கோ-ஆர்டினேட்டர் பொறுப்பு. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் யார் எங்கே நிற்பது, எத்தனை பேர் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மேல் பாய்வது, எத்தனை பேர் பின்னால் காவல் நிற்பது என்று சொல்வது அவர். எதிரணிக்கு 10 யார்ட் நகர நான்கு வாய்ப்பு. மைதானம் 100 யார்ட். எதிரணி 75 யார்ட் தள்ளிப் பந்தைத் தொடங்கினால் டச்டவுன் எடுக்க, அதாவது பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக, நிறைய உழைக்க வேண்டும். 2 யார்டில் தொடங்கினால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு 2024 நவம்பர் 30 அன்று நடந்த மிச்சிகன் ஆட்டத்தைப் பாருங்கள். சொந்த மண்ணில் 13-10 தோல்வி. ஓஹாயோ ஸ்டேட் ரசிகர்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. ஆனால் மிச்சிகன் எடுத்த ஒரே டச்டவுன் எப்படி வந்தது? ஓஹாயோ ஸ்டேட் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் எறிந்த பந்தை மிச்சிகன் வீரர் பிடித்து 2 யார்ட் வரை ஓடிவிட்டார். டிஃபென்ஸ் உள்ளே வரும்போதே வீடு எரிந்துகொண்டிருந்தது. அது தவிர இரண்டு ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்து எடுக்கும் 3 பாயின்ட்), அவ்வளவுதான். டிஃபென்ஸ் இரண்டு முறை பந்தைப் பறித்தது. அதில் ஒன்று கோல் லைனுக்குப் பக்கத்தில் ஜாக் சாயர் பிடித்தது. ஓஹாயோ ஸ்டேட்டின் கிக்கர் இரண்டு ஃபீல்ட் கோலைத் தவறவிட்டார். இந்தத் தோல்வியின் கணக்கை டிஃபென்ஸ் மேல் எழுதுவது, ஃபீல்டர் கேட்சை விட்டதற்கு பௌலரைத் திட்டுவது மாதிரி.

அதற்கு நான்கு வாரம் முன்னால் பென் ஸ்டேட் மைதானத்தில் 20-13 வெற்றி. அந்த 13-இல் 7 பாயின்ட் ஓஹாயோ ஸ்டேட் எறிந்த பந்தைப் பிடித்து ஓடியதில் வந்தது. டிஃபென்ஸ் விட்டது 6 பாயின்ட் மட்டும். கடைசிக் கால் மணி நேரத்தில், ஒரு லட்சம் பேருக்கு மேல் கத்திக்கொண்டிருந்த மைதானத்தில், 3 யார்டில் பென் ஸ்டேட்டுக்கு நான்கு வாய்ப்பு கிடைத்தது. மூன்று முறை ஓடினார்கள், நான்காவது எறிந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் செய்தியில் இதுவும் 13, மிச்சிகன் ஆட்டமும் 13.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2022-இல் அலெக்ஸ் கிரிஞ்ச் நடத்திய யூ.எஸ்.சி. (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) டிஃபென்ஸ் பந்தைப் பறிப்பதில் நாட்டின் முன்வரிசையில் இருந்தது, அணி 11 ஆட்டம் வென்றது. யார்ட் யார்டாகப் பார்த்தவர்களுக்கு அப்போதே பயம். எதிரணி இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் பந்து கைமாறியதால் மட்டும் தப்பித்தார்கள். பந்தைப் பறிப்பதில் திறமையும் உண்டு, அதிர்ஷ்டமும் உண்டு. அதிர்ஷ்டம் அடுத்த வருடமும் வந்து நிற்கும் என்று நம்பிக் கட்டடம் கட்ட முடியாது. சீசன் முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களில் ஒன்றான காட்டன் பௌலில் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் 45-30 என்ற முன்னிலையைத் தொலைத்து டூலேனிடம் 46-45 என்று தோற்றார்கள். அடுத்த நவம்பரில் வாஷிங்டனிடம் 52 பாயின்ட் விட்டார்கள். அதில் ஒரே ஓட்டக்காரர், டில்லன் ஜான்சன், 256 யார்ட் ஓடினார். மறுநாள் கிரிஞ்சின் வேலை போனது. அது சரியான முடிவு. ஒரே ஓட்டை இரண்டு சீசனாகத் திறந்தே கிடந்தது.

நான் பார்ப்பது அந்த ஓட்டையைத்தான். எல்லா டிஃபென்ஸிலும் எங்கோ ஓட்டை இருக்கும். எதிரணியிலும் மூளையுள்ளவர்கள் இருக்கிறார்கள், கண்டுபிடிப்பார்கள். ஒருமுறை அடி வாங்கிய இடத்தில் கோ-ஆர்டினேட்டர் மறுபடியும் அடி வாங்குகிறாரா என்பதுதான் கேள்வி. நோல்ஸின் ஓஹாயோ ஸ்டேட் மூன்று வருடத்தை இந்தக் கண்ணால் பார்த்தால் படம் வேறு.

2022 நவம்பரில் மிச்சிகன் ஆட்டம். பாதியில் ஓஹாயோ ஸ்டேட் 20-17 முன்னிலை. முடிவில் 45-23 தோல்வி. மிச்சிகனின் ஆறு டச்டவுன்களில் ஐந்து எத்தனை யார்டில் இருந்து வந்தன தெரியுமா? 69, 75, 45, 75, 85. கடைசி இரண்டும் டோனவன் எட்வர்ட்ஸ் கடைசிக் கால் பகுதியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நோல்ஸ் ஆட்களை முன்னால் குவித்து எதிரணியை நெருக்கப் பார்த்தார். ஒரு டேக்கிள் தவறினால் பின்னால் மைதானமே காலி. தவறியது, ஒருமுறை அல்ல. இந்தத் தோல்வியில் பெரும்பங்கு அவருடையது. அதற்கு எந்தச் சமாதானமும் நான் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் கழித்து பீச் பௌலில் ஜார்ஜியாவிடம் 42-41. கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது 14 பாயின்ட் முன்னிலை. அதில் பின்காவல் வீரர் தடுக்கி விழுந்ததில் ஒரு 76 யார்ட் டச்டவுன். விழுந்தது அவர் தவறு அல்ல, நோல்ஸ் தவறும் அல்ல. ஆனால் ஒருவர் விழுந்தால் இன்னொருவர் இருக்க வேண்டிய இடத்தில் யாருமே இல்லை. மறுபடியும் அதே நோய்.

2023-இல் அந்த நோய் குணமானது. நோல்ஸ் பின்னால் ஆள் வைத்தார், நீண்ட ஓட்டங்கள் நின்றன. மிச்சிகனிடம் மறுபடியும் தோற்றார்கள், 30-24. ஆனால் முந்தைய வருடம் மாதிரி யாரும் 75 யார்ட், 85 யார்ட் என்று பிய்த்துக்கொண்டு போகவில்லை. காட்டன் பௌலில் மிசூரியை மூன்று கால் பகுதி பூஜ்யத்தில் நிறுத்தினார்கள். அஃபென்ஸ் மொத்தமே 3 பாயின்ட் எடுத்ததால் 14-3 தோல்வி. அன்றும் நோல்ஸைத் திட்டியவர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

அப்புறம் அந்த ஓரிகன் ஆட்டம். டில்லன் கேப்ரியல் 341 யார்ட் எறிந்தார். எவன் ஸ்டூவர்ட் மறுபடி மறுபடி டென்சல் பர்க்கைத் தாண்டிப் பந்தைப் பிடித்தார். ஓஹாயோ ஸ்டேட் ஒருமுறைகூட கேப்ரியலைச் சாய்க்கவில்லை. முன்வரிசையில் நான்கு பேர் நேராகப் போய் முட்டினார்கள், ஓரிகன் நேராக நின்று தடுத்தது. ஆச்சரியப்பட அதில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு நோல்ஸ் தோற்றார். முழுக்க அவர்தான்.

ஆனால் அதற்கு அடுத்த வாரம் ஆட்டம் இல்லை, ஓய்வு. அந்த இடைவெளிக்குப் பிறகு வந்த டிஃபென்ஸ் வேறு. பாய்வது யார் என்று எதிரணிக்குத் தெரியாதபடி மாற்றினார்கள், பின்காவலில் வேஷத்தைக் கூட்டினார்கள். அந்த ரெகுலர் சீசனில் அதற்குப் பின் எந்த அணியும் 17 பாயின்டுக்கு மேல் எடுக்கவில்லை. 2025 ஜனவரி 1, ரோஸ் பௌல். அதே ஓரிகன், அதே கேப்ரியல். இந்த முறை 8 முறை சாய்த்தார்கள். ஓடியதில் ஓரிகனின் மொத்தக் கணக்கு மைனஸ் 23 யார்ட். ஒரு கட்டத்தில் 34-0. அக்டோபரில் கிழிந்த அதே இடத்தை ஜனவரியில் தைத்துக் காட்டினார்கள். ஒரு கோ-ஆர்டினேட்டரிடம் இதற்கு மேல் என்ன கேட்பது?

டெக்சாஸ் அரையிறுதியை எல்லோரும் ஜாக் சாயரின் 83 யார்ட் ஓட்டத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் நினைப்பது அதற்கு இரண்டு பந்து முன்னால் நடந்ததை. 21-14, நான்கு நிமிடம்கூட இல்லை, டெக்சாஸுக்கு 1 யார்டில் முதல் வாய்ப்பு. முதல் ஓட்டத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது, பந்தை வெளிப்பக்கம் தள்ளிக் கொடுத்து ஓரமாகச் சுற்றிப் போகப் பார்த்தார்கள். ஓஹாயோ ஸ்டேட்டின் ஓரம் அதற்கு முன்பே அங்கே நின்றது. 7 யார்ட் நஷ்டம். ஆட்டம் முடிந்தது அங்கேதான். 1 யார்டில் இருந்தால் டெக்சாஸ் ஓடலாம், எறியலாம், குவார்ட்டர்பேக்கே முட்டிக்கொண்டு போகலாம். 8 யார்டில் எறிந்தே ஆக வேண்டும். அதனால்தான் நான்காவது பந்தில் சாயர் யோசிக்காமல் க்வின் யூயர்ஸ் மேல் பாய முடிந்தது. பந்தைத் தட்டியது சாயரின் கை. யூயர்ஸை அந்த நிலைக்குத் தள்ளியது அழைக்கப்பட்ட டிஃபென்ஸ்.

இறுதிப் போட்டியில் நோட்ர டேம் முதல் முறை பந்தை எடுத்து 18 பந்து, 75 யார்ட், கிட்டத்தட்ட பத்து நிமிடம் தின்று டச்டவுன் அடித்தது. அடுத்து அவர்கள் டச்டவுனைப் பார்ப்பதற்குள் ஓஹாயோ ஸ்டேட் 31-7 ஆகியிருந்தது. திருத்தம் இந்த முறை மூன்று மாதத்தில் அல்ல, அடுத்து நோட்ர டேம் கையில் பந்து வந்தபோதே. சீசன் முடிவில் ஆட்டத்துக்குச் சராசரி 12.9 பாயின்ட், நாட்டிலேயே குறைவு.

சரி, அந்த அணியில் யாரைப் போட்டாலும் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. வீரர்களுக்காக மட்டும் சுமார் 2 கோடி டாலர் செலவழித்த அணி அது. அலபாமாவிலிருந்து கேலப் டவுன்ஸ் வந்தார், சாயரும் டுயிமொலோவும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். போகாமல் நான்காவது வருடம் இருந்தார்கள். நோல்ஸ் போன பிறகு மாட் பாட்ரிசியா வந்தார். டிஃபென்ஸில் பெரும்பாலான முதல்நிலை வீரர்கள் போய்விட்டார்கள், அப்படியும் 2025-இல் டெக்சாஸை 7 பாயின்டிலும் மிச்சிகனை 9 பாயின்டிலும் நிறுத்தினார்கள். ஆக ஓஹாயோ ஸ்டேட்டின் வளத்துக்கும் கணக்கில் பங்கு உண்டு. அதே வளம் 2024 அக்டோபரிலும் இருந்தது என்பதுதான் மீதிப் பாதி. வீரர்கள் மாறவில்லை, திட்டம் மாறியது.

பென் ஸ்டேட் விஷயத்தில் எனக்கு மனது இரண்டாக இல்லை. ஆண்டுக்குச் சுமார் 31 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு போனார். 2025 அக்டோபர் 4 அன்று, அதுவரை ஒரு ஆட்டம்கூட வெல்லாத யூ.சி.எல்.ஏ. அவர் டிஃபென்ஸை முதல் பாதியிலேயே 27 பாயின்டுக்கு அடித்தது. அதில் 3 பாயின்ட் கிக்-ஆஃப் தந்திரத்தில் போனது, விட்டுவிடலாம். மீதி? குவார்ட்டர்பேக் நிக்கோ யாமலியாவா அன்று 128 யார்ட் ஓடி மூன்று டச்டவுன் அடித்தார். கால் உள்ள குவார்ட்டர்பேக்கைக் கட்ட ஒரு ஆளை ஒதுக்குவது ஆரம்பப் பாடம். 42-37 தோல்வியில் அந்த 42-இல் பெரும்பங்கு நோல்ஸ் கணக்கில் தான். எட்டு நாளில் தலைமைக் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினுக்கே வேலை போய்விட்டது.

ஆனாலும் ஓக்லஹோமா ஸ்டேட்டில் 2018-இல் நோல்ஸின் முதல் வருடம் மோசம். 2021-இல் அது நாட்டின் முன்னணி டிஃபென்ஸ்களில் ஒன்று. ஓஹாயோ ஸ்டேட்டிலும் முதல் வருடம் அடி, மூன்றாவது வருடம் கோப்பை. அவருடைய முறை கற்கக் கடினமானது, வீரர்களுக்குக் காலம் பிடிக்கும். பென் ஸ்டேட் அவரை எடுத்தது உடனே கோப்பை வேண்டும் என்ற அவசரத்தில். அவருடைய சரித்திரத்தைப் படித்தவர்கள் அதை அவரிடம் எதிர்பார்த்திருக்கக் கூடாது. அந்த யூ.சி.எல்.ஏ. முதல் பாதிக்கு நோல்ஸ் பதில் சொல்லட்டும். முதல் வருடத்தில் மூன்றாவது வருடத்துப் பலனைக் கேட்டதற்கு அவரை வேலைக்கு எடுத்தவர்கள் பதில் சொல்லட்டும்.