சிவன்மலையையும் சேர்த்திருக்கலாமுங்க

குடும்பத்தோடு காரில் போகிறவர்கள் வழியில் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் என்று உங்கள் பட்டியலில் 112 அடி ஆதியோகி சிலையையும் கோவை கார் அருங்காட்சியகத்தையும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல தேர்வு. ஆனால் காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை விட்டுப்போனது பெரிய குறைங்க. அங்கே முருகன் கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பக்தர் கனவில் சாமி சொன்ன பொருளை, சாமி முன் பூப்போட்டுக் கேட்டு உத்தரவு கிடைத்த பிறகு அதில் வைப்பார்கள். இன்னொருவர் கனவில் வேறு பொருள் வரும்வரை அதுவேதான். கெடு எதுவும் கிடையாது. மண், தண்ணீர், மஞ்சள் என்று எத்தனையோ இருந்திருக்கின்றன. இப்போது என்ன இருக்கும் என்று எங்கள் வீட்டுக் குழந்தைகள் மலையேறும்போதே பந்தயம் கட்டுவார்கள்.

அப்படியே நொய்யல் கரைக் கொடுமணலுக்கும் போங்க. சங்க காலத்தில் கல்மணி செய்த ஊர், பதிற்றுப்பத்திலேயே பேர் இருக்கிறது. ரோட்டோரம் பெரிதாக ஒரு பலகை வைத்தால் எத்தனை வண்டி நிற்கும்!