மெய்ப்புப் பார்க்க ஆளில்லாத புத்தகங்களோடு ஓர் ஆண்டு

டிசம்பர் பிறந்தால், அந்த ஆண்டு வாசித்தவற்றைக் குறித்துவைத்த நோட்டை எடுத்துப் புரட்டுவது என் வழக்கம். எந்த நாவல் தூங்கவிடாமல் அடித்தது, எந்தக் கட்டுரையோடு மனத்துக்குள் சண்டை போட்டேன் என்றெல்லாம் அதில் இருக்கும். இந்த ஆண்டுப் பக்கங்களைப் பார்த்தபோது ஆத்திரம்தான் வந்தது. பல இடங்களில் நூலைப் பற்றி நான் எழுதியதைவிட அச்சுப்பிழைகளைப் பற்றி எழுதியதே நீளமாக இருக்கிறது. பக்க எண், வரி, தவறு, திருத்தம். அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவதுதான் மெய்ப்புப் பார்ப்பது; காசு கொடுத்து வாங்கிய வாசகனை இந்த வேலை செய்ய வைத்திருக்கிறார்கள்!

ஒரு நாவலைச் சொல்கிறேன். விலை 450 ரூபாய். வரப்புத் தகராறு முற்றி வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது. குடும்பத்தின் மூத்தவர் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார். 144ஆம் பக்கம் முடிகிறது. திருப்பினால் 161. நடுவில் ஒரு முழு ஃபாரம், பதினாறு பக்கங்கள், காணவில்லை. அதற்கு ஈடாக 177 முதல் 192 வரையிலான பக்கங்களை இரண்டு முறை சேர்த்து பைண்டிங் செய்திருக்கிறார்கள். கூண்டில் அந்தப் பெரியவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. 161ஆம் பக்கத்தில் அவருக்குக் கருமாதி நடந்துகொண்டிருக்கிறது. கடையில் கேட்டால் பதிப்பகத்தைக் கேளுங்கள் என்றார்கள். பதிப்பகத்துக்குப் போன் செய்தால், "வேறு யாரும் இப்படிப் புகார் சொல்லவில்லையே சார்" என்று பதில். வேறு யாரும் சொல்லவில்லை என்றால் என் கையில் இருக்கும் பிரதி சரியாகிவிடுமா? மாற்றுப் பிரதி அனுப்புவதாகச் சொன்னார்கள். வரவில்லை.

இது கண்ணுக்குத் தெரிகிற கேடு. எழுத்துப் பிழை இன்னும் மோசம். 'கரலம்', 'மரலை' என்று வந்தால் சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி பல் கூசும். ஆனாலும் அது காலம், மாலை என்று புரிந்துகொண்டு மேலே போய்விடலாம். பழைய நூலை ஸ்கேன் செய்து மென்பொருளிடம் கொடுத்து எழுத்தைப் பிரித்தெடுக்கச் சொன்னால், அது துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பத்தான் செய்யும். 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல் என்றால் ணா, றா, னா, லை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களில் அது இன்னும் தடுமாறும். அதனால்தான் மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வரிவரியாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். பார்ப்பதில்லை. ஒரு கவிதையில் 'ஒளி' என்ற சொல் 'ஒலி' என்று அச்சாகிவிட்டால் என்ன ஆகும்? இரண்டுக்கும் பொருள் உண்டு, இரண்டும் வரியில் பொருந்தும். வாசகர் தவறான வரியைக் கவிஞரின் வரியாகவே நம்பி, மனப்பாடம் செய்து, நான்கு பேருக்குச் சொல்லவும் செய்வார். இந்த ஆண்டு நான் ரசித்த வரிகளில் எத்தனை அப்படிப்பட்டவையோ! இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் கதி தனி. எழுத்தாளரின் குடும்பத்துக்கு அரசு பரிவுத்தொகை கொடுத்து உரிமையைப் பொதுவாக்குவது நல்ல காரியம். அதைக் குறை சொல்ல மாட்டேன். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் பொறுப்பு ஒருவருக்கும் இல்லை என்றாகிவிட்டது. இந்த ஆண்டு வாசித்த ஒரு கட்டுரைத் தொகுப்பில் ஆசிரியர் 'சென்ற வருஷம்' என்கிறார், 'இப்போதைய கவர்னர்' என்கிறார். எந்த வருஷம், எந்தக் கவர்னர்? உரிமைப் பக்கத்தில் 'முதல் பதிப்பு: டிசம்பர் 2023' என்று கூசாமல் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன! கட்டுரைகள் எந்தப் பத்திரிகையில், எந்த ஆண்டில் வந்தன என்று ஒரு வரி கிடையாது. மொழிபெயர்ப்புகளிலோ, எந்த மொழியிலிருந்து பெயர்த்தார்கள் என்ற தகவலைக்கூடச் சில நூல்களில் தேடிப்பார்த்தும் காணவில்லை. ஒன்றில் முதல் அத்தியாயத்தில் மிகயீல் ஆக இருந்தவர் மூன்றாம் அத்தியாயத்தில் மைக்கேல் ஆகிவிட்டார். வேறொரு பாத்திரம் என்று நினைத்து முப்பது பக்கம் வாசித்தேன்.

காரணம் கேட்டால் விற்பனை இல்லை, மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். தமிழ்ப் புத்தகம் சில நூறு பிரதிகள் விற்கவே திணறுகிறது என்பதை அறிவேன். ஆனால் பளபளக்கும் அட்டைக்குப் பணம் இருக்கிறது. வெளியீட்டு விழாவுக்கு, மேடைக்கு, பொன்னாடைக்குப் பணம் இருக்கிறது. மேடையில் நூலை ஒரு மணி நேரம் பாராட்டுகிறவர்களில் ஒருவர்கூட, "இதில் இத்தனை பிழைகள் இருக்கின்றன" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சென்னைப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டிசம்பரில் ராப்பகலாக அச்சடிக்கிறார்கள். அந்த அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது மெய்ப்புதான். அதையே அடுத்த ஆண்டு 'இரண்டாம் பதிப்பு' என்று போடும்போது பிழைகள் ஒன்றுகூடக் குறையாமல் வருகின்றன. ஒரு வருஷம் முழுக்க அவகாசம் இருந்ததே, அப்போது என்ன செய்தார்கள்?

உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே, ஊர் ஊராகச் சுவடி தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சென்னையில் அச்சிட்டு 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். கணினி கிடையாது; ஒவ்வொரு எழுத்தும் ஈயத்தில் கோக்கப்பட்டது. பழைய பதிப்புகள் பலவற்றில் 'பிழையும் திருத்தமும்' என்று தனிப் பக்கம் இருக்கும். தவறு நேர்ந்ததை வாசகரிடம் ஒப்புக்கொள்ளும் மரியாதை அவர்களுக்கு இருந்தது. இன்றும் இரண்டு மூன்று பேர் மட்டுமே வேலை செய்யும் சிறு பதிப்பகங்கள் சில பிழையில்லாமல், சொல்லடைவோடு, முதல் பதிப்பின் ஆண்டோடு நூல் கொண்டுவருகின்றன. அவர்களால் முடிகிறது என்றால் மற்றவர்களுக்கு மனம் இல்லை என்றுதான் அர்த்தம்.

வரும் ஜனவரியிலும் புத்தகக் காட்சிக்குப் போவேன். இனி பில் போடுவதற்கு முன் அரங்கிலேயே நின்று ஒவ்வொரு ஃபாரமாகப் பக்க எண்களைச் சரிபார்ப்பேன். உரிமைப் பக்கத்தில் முதல் பதிப்பின் ஆண்டு இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பேன். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும். பதிப்பாளர்களே, நீங்கள் தரும் 10 சதவீதத் தள்ளுபடி எனக்கு வேண்டாம். முழு விலையையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுங்கள்.