உப்பிய பேட்டரியை ஊசியால் குத்தாதீர்கள்

"செல்போன் பேட்டரி உப்பிவிட்டதா? ஊசியால் சின்னதாக ஓட்டை போட்டுக் காற்றை வெளியேற்றுங்கள், பழையபடி வேலை செய்யும்." மதுரைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. செய்து பார்த்தால் கை வெந்துவிடும்.

உள்ளே இருப்பது வெறும் காற்று இல்லை. பேட்டரித் திரவம் சிதைந்து உண்டான வாயு அது. ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு போல எரியக்கூடியவையும் அதில் உண்டு. செல்போன்களில் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரியில் இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம்தான். ஊசி அதைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட். அந்தச் சூடு வேதிவினையைத் தூண்ட, வினை மேலும் சூட்டைக் கிளப்ப, சில நொடிகளில் தீப்பிடிக்கலாம். 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்களே, அதற்கும் பேட்டரிக்குள் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்தான் காரணம். அங்கே யாரும் ஊசியால் குத்தக்கூட இல்லை.

ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சரியாகாது.

அப்புறம் என்ன செய்வது? சார்ஜ் போடாதீர்கள். போனை அணைத்து, மெத்தை, துணியிலிருந்து தள்ளி சிமென்ட் தரையில் வையுங்கள். அழுத்தாமல், வெயில் தாழ்ந்ததும் மதுரை டவுன் ஹால் ரோடு பக்கமோ வேறெங்கோ நம்பகமான பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து மாற்றுங்கள். பழைய பேட்டரியை மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவாகக் கொடுங்கள். புகை வந்தால் விலகி நின்று தீயணைப்பு எண் 101-ஐ அழையுங்கள்.